கையொப்பத்துக்கு மேலே இருந்த சொல்

என் கலியாணம் ஒரு பின்லாந்துச் சொல்லில் முட்டி ஐந்து கிழமை நின்றது. அதோடு சேர்ந்து சம்மாந்துறையில் எனக்காக எழும்பிக்கொண்டிருந்த வீடும் யன்னல் மட்டத்தில் நின்றது. சூறாவளி அடித்துப்போட்டுப் போன மறு வருடம் அது. ஊரில் பாதி வீடுகள் கூரையில்லாமல் இருந்தபடியால், யன்னல் மட்டத்தில் நிற்கும் ஒரு வீட்டைப் பார்த்து யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. நான் மட்டும்தான் ஒவ்வொரு நாளும் சைக்கிளை மெதுவாக்கி, ஒரு வரிக் கல்லாவது கூடியிருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துக்கொண்டு போவேன்.

எங்கள் கிழக்குக் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியேறுவான். பெண்ணுக்கு வீடு கட்டுவது தகப்பனின் கடமை. அந்த வீடு எந்த வேகத்தில் எழும்புகிறது என்பதை வைத்து, மாமனாருக்கு மாப்பிள்ளைமேல் எவ்வளவு பிரியம் என்று ஊர் கணக்குப் போட்டுவிடும். என் மாமனாராகப் போகிறவருக்கு ஆரம்பத்தில் பிரியம் அதிகமாக இருந்தது. அத்திவாரம் போட்டு இரண்டு கிழமைக்குள் சுவர் இடுப்பளவு வந்துவிட்டது. கதவு நிலைக்கான முதிரை மரத்தைக்கூட வெளியில் வாங்கவில்லை. அவருடைய வளவிலேயே நின்ற மரத்தை அரிந்து, நிலை செய்து, முற்றத்தில் அடுக்கியிருந்தார். வயலில் வேளாண்மை வெட்டு முடிந்த கையோடு நிக்காஹ் என்று பேச்சு.

நான் சாய்ந்தமருதுக்காரன். சம்மாந்துறைப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆங்கிலம் படிப்பித்தேன். ஆங்கிலம் படிப்பிப்பது என்றால், ஊருக்கு வரும் தந்தி, மருந்துப் போத்தல், தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தோடு வரும் விளக்கப் புத்தகம் எல்லாவற்றையும் வாசித்துச் சொல்வதும் அடங்கும். எனக்குத் தெரியாத ஆங்கிலச் சொல் இல்லை என்று ஊர் நம்பியது. நானும் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை. தெரியாத சொல் வந்தால் அதை இயந்திரத்தின் ஒரு பாகம் என்று சொல்லிவிடுவேன்.

பெண்ணை நான் பார்க்கவில்லை என்றே சொல்லலாம். பேச்சுக்காக நாங்கள் போயிருந்த அன்று அவர்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, ஆங்கிலம் எவ்வளவு சுலபமான பாஷை என்று மாமனாருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். கதவுச் சீலைக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். அடக்க நினைத்து முடியாமல் போன சிரிப்பு. அதுவரைக்கும் என்னுடைய ஆங்கிலத்தைக் கேட்டு யாரும் சிரித்ததில்லை. சிரித்திருக்க வேண்டியவர்கள் நிறையப் பேர். இந்த வீட்டுக்குத்தான் வர வேண்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன்.

இதற்கு முன்பே எனக்கு வேறொரு வியாதி இருந்தது. பேனா நண்பர்கள். ஏதோ ஒரு சஞ்சிகையின் கடைசிப் பக்கத்தில் முகவரிகள் போடுவார்கள். நான் பன்னிரண்டு நாட்டுக்குக் கடிதம் எழுதினேன். பத்து நாடுகள் பதில் போடவில்லை. பின்லாந்தும் அயர்லாந்தும் போட்டன. அயர்லாந்துக்காரர் இளைப்பாறிய பள்ளி ஆசிரியர். சொற்களின் பூர்வீகம் தேடுவது அவருக்குப் பொழுதுபோக்கு. ஒவ்வொரு கடிதத்திலும் மழையைப் பற்றி ஒரு பக்கமும், ஒரு சொல்லின் தாய் தகப்பனைப் பற்றி மூன்று பக்கமும் எழுதுவார். பின்லாந்து முகவரி ஒரு பெண்ணுடையது. பெயருக்குப் பக்கத்தில் ‘முத்திரை சேகரிப்பு’ என்று மட்டும் இருந்தது. வயது போடவில்லை. அந்தக் குறையை நானே தீர்த்துவைத்தேன். இருபத்திரண்டு என்று வைத்துக்கொண்டேன். பெல்பொட்டம் அணிந்து, இரவல் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்று எடுத்த ஒரு படத்தையும் அனுப்பினேன். அயர்லாந்துக்குப் படம் எதுவும் அனுப்பவில்லை.

பின்லாந்திலிருந்து அதுவரை வந்ததெல்லாம் உறையிட்ட கடிதங்கள், முடிப்பதும் ஆங்கிலத்திலேயே. அந்த முறை போஸ்ட் காட் வந்தது. ஒரு பக்கம் பனியும் மரங்களும். மறுபக்கம் ஐந்து வரி ஆங்கிலம். கடைசியில், கையொப்பத்துக்கு மேலே, தனியாக ஒரு சொல்: தெர்வெய்சின்.

போஸ்ட் காட் என் கைக்கு வரவில்லை. அன்று பின்னேரம் பள்ளிக்கூட வாசலில் தபால்காரர் சைக்கிளை நிறுத்தி விஷயத்தைச் சொன்னார்.

“சேர், ஒங்கட போஸ்ட் காட்ட மாமாட வீட்ட குடுத்திட்டன்.”

“ஏன் அங்க குடுத்தீங்க? பள்ளிக்கூட விலாசம்தானே போட்டிரிக்கி?”

“வீடு கட்டுறாங்க. இனி ஒங்கட விலாசம் அதுதானே. நான் மாத்திட்டன்.”

நிக்காஹ் நடக்க முன்பே என்னைக் குடியேற்றிவிட்ட முதல் மனிதர் அவர்தான்.

“வாசிச்சீங்களா?” என்று கேட்டேன்.

“மூடின கடுதாசிய வாசிக்கமாட்டன் சேர். இது தொறந்துதானே கெடந்திச்சி. அங்க குளிராம். நீங்க அனுப்பின முத்திர கெடச்சிச்சாம். எல்லாம் வெளங்கிச்சி. கையொப்பத்துக்கு மேல கெடந்த கடைசிச் சொல்லு மட்டும் வெளங்கல்ல. மாமாட்டயும் கேட்டுப் பாத்தன். அவருக்கும் வெளங்கல்ல.”

நான் சைக்கிளை மாமனார் வீட்டுப் பக்கம் திருப்பினேன். ஏன் என்று விளங்க, எங்கள் பக்கத்துக் கடித வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் கடிதத்தில் சலாம் தலையில் வரும். அதன் பிறகு சுகம் விசாரிப்பு. பிறகு ‘நிற்க’ என்று ஒரு தரிப்பு. அதன் பிறகு வந்த விஷயம். கடைசியில் ‘இப்படிக்கு’ என்று எழுதி, கையொப்பத்துக்கு மேலே, எழுதியவர் நமக்கு என்ன முறை என்பதைப் போடுவோம். அன்பு மகன். பிரியமுள்ள மச்சான். தங்கள் மருமகன். அந்த இடத்தில் வேறெதுவும் வராது. சலாம் தலையிலேயே சொல்லி முடிந்துவிட்டபடியால், காலில் மிச்சமிருப்பது உறவு ஒன்றுதான். ஆகவே சம்மாந்துறையில் யார் அந்தப் போஸ்ட் காட்டைப் பார்த்தாலும், அந்தப் பெண் எனக்கு என்ன முறை என்பதைத் தன் பாஷையில் எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறாள் என்றுதான் வாசிப்பார்கள். உண்மையைச் சொன்னால், கேட்டதும் நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அந்தச் சந்தோஷம் மாமனாரின் முற்றத்துக்குப் போய்ச் சேரும் வரைக்கும்தான்.

மாமனார் வட்டவிதானை. வாய்க்காலில் யாருடைய வயலுக்கு எப்போது தண்ணீர் என்று தீர்ப்பவர். மண்வெட்டியோடு சண்டைக்கு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, சத்தம் போட்டுக் கதைக்கும் பழக்கமே அவரிடம் இல்லாமல் போயிருந்தது. அடுக்கியிருந்த முதிரை நிலையின்மேல் உட்கார்ந்து, சேட்டுப் பையிலிருந்து போஸ்ட் காட்டை எடுத்தார்.

“மகன், இந்தச் சொல்லு என்ன?”

“தெரியா மாமா.”

“நீங்க இங்கிலீஸ் வாத்தியார்.”

“இது இங்கிலீஸ் இல்ல மாமா. பின்லாந்துப் பாஷை.”

“எழுத்து இங்கிலீஸ் எழுத்துத்தானே?”

இயந்திரத்தின் பாகம் என்று சொல்லித் தப்ப முடியாத இடம். “ஒங்கட வீட்ட அரபுத் தமிழ்க் கித்தாபு இரிக்கும் மாமா. எழுத்து அரபு, பாஷை தமிழ். அரபு நாட்டாள் ஒருத்தர் அத வாசிச்சா வெளங்குமா?” என்று கேட்டேன்.

அவர் போஸ்ட் காட்டைத் திருப்பிப் பனியைப் பார்த்தார். “அது சரிதான்,” என்றார். “வாசிப்பாரு, வெளங்காது. சரி, நீங்க பொய் சொல்லல்ல. ஆனா இவ இப்படிக்கி இன்னார் எண்டு என்னவோ எழுதியிரிக்கிறா. என்ட மகள்ர மாப்பிளைக்கி இவ என்ன மொற எண்டு நான் தெரிஞ்சிக்கத்தானே வேணும்?”

“கேட்டு எழுதுறன் மாமா.”

“யாருட்ட?”

“எழுதினவட்டத்தான்.”

“அவ வழக்குல ஒரு கட்சிக்காரி. வாய்க்கால வெட்டினவன்ட்டயே வெட்டினியா எண்டு கேக்கிறல்ல. தண்ணி மொறைக்கே நான் ரெண்டு சாட்சி கேக்கிறவன். அவ சொல்லட்டும். வேற நாட்டுல, அவவத் தெரியாத ஒரு ஆளும் சொல்லட்டும். ரெண்டும் ஒத்து வந்தா மத்த வேலயப் பாப்பம்.”

கோபமே இல்லை. வாய்க்கால் துரிசை அடைத்துப் பூட்டுவதுபோல் அமைதியாகச் சொன்னார். மறுநாள் மேசன் வரவில்லை.

எனக்குத் தெரிந்த உலகத்தில் வேற நாட்டு ஆள் ஒருவர்தான் இருந்தார். அன்றைக்கே கல்முனைக்குப் போய், தபால் கந்தோரின் சாய்ந்த மேசையில் நின்றபடியே இரண்டு எயார்மெயில் எழுதினேன். பின்லாந்துக்கு: உங்கள் கடைசிச் சொல்லின் பொருள் என்ன, தயவுசெய்து உடனே, முழுமையாக. அயர்லாந்துக்கு: ஐயா, பின்லாந்து பாஷையில் இப்படியொரு சொல், எங்கேயாவது ஓர் அகராதியில் பார்த்துச் சொல்ல முடியுமா, என் கலியாணம் இதில்தான் இருக்கிறது. இரண்டையும் பெட்டிக்குள் போட்டபோதுதான் ஒன்று உறைத்தது. அந்தச் சொல்லுக்கு உண்மையிலேயே நான் சந்தோஷப்பட்ட பொருள்தான் என்றால், இரண்டு சாட்சியையும் என் கைக்காசில் முத்திரை ஒட்டி நானே வரவழைக்கிறேன்.

வீட்டில் உம்மாவிடம் சொன்னேன். உம்மா சுளகைக் கீழே வைக்கவில்லை, புடைத்துக்கொண்டே கேட்டாள்.

“கண்டறியாத நாட்டுக்கெல்லாம் கடுதாசி போட்டாய். நிந்தவூருல இரிக்கிற ஒண்ட மாமிக்கி ஒரு கடுதாசி போட்டியா மனே?”

“நிந்தவூருக்கு ஏன் உம்மா கடுதாசி? பஸ்ஸுல பத்து நிமிஷம்.”

“அப்ப பஸ்ஸுல போனியா?”

“முத்திர அனுப்புற அந்தப் புள்ளைக்கி வாப்பா இரிக்கிறாரா, உம்மா இரிக்கிறாவா எண்டாச்சும் விசாரிச்சியா?” என்று அடுத்த கேள்வி வந்தது. மூன்று வருடமாக முத்திரை மாற்றிய ஒருத்தியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நானாக வைத்த வயது ஒன்றுதான் என்பது சுளகுக்கு முன்னால் நின்றபோது தெரியவந்தது.

கல்முனை நூலகத்தில் தேடினேன். கலைக்களஞ்சியத்தில் பின்லாந்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். ஏரிகள் எத்தனை, காகிதம் எவ்வளவு என்று எல்லாம் இருந்தது. அங்கே பெண்கள் கையொப்பத்துக்கு மேலே என்ன எழுதுவார்கள் என்பதை மட்டும் விட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் சக ஆசிரியர்கள் உதவிக்கு வந்தார்கள். அந்தச் சொல்லை உரத்து வாசித்துப் பார்த்தார்கள். மெதுவாக வாசித்துப் பார்த்தார்கள். கணக்கு வாத்தியார் மட்டும், “எந்தப் பாஷையா இருந்தாலும் கேக்க நல்லாத்தான் இரிக்கி, மச்சான். அதுதான் பிரச்சின,” என்றார்.

மாவடிப்பள்ளி வயல்வெளியால் சைக்கிள் மிதித்து வரும்போதெல்லாம் வேளாண்மை நாளுக்கு நாள் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. வெட்டு நெருங்குகிறது. யன்னல் மட்டச் சுவரின்மேல் ஓர் ஆடு ஏறி நிற்கப் பழகிக்கொண்டது. என்னைக் கண்டால் அது அசைவதில்லை. வீட்டுக்காரி மாதிரி பார்த்தது. கதவுச் சீலைக்குப் பின்னால் சிரித்தவர் இப்போது என்ன நினைத்துக்கொண்டிருப்பார் என்று யோசிப்பேன். பிறகு யோசிக்காமல் மிதிப்பேன்.

நாலாவது கிழமை பின்லாந்துக் கடிதம் வந்தது. தபால்காரர் அதைக் கொண்டுவந்து, “சேர், இது மூடியிரிக்கி,” என்று வருத்தத்தோடு நீட்டினார். “மாமாட வீட்டதானே தொறக்கப் போறீங்க? நானும் அந்தப் பக்கம்தான்.” அவருக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் இருக்கவில்லை.

முதிரை நிலையின்மேல் மாமனார். பக்கத்தில் தபால்காரர். நான் நின்றுகொண்டே வாசித்துத் தமிழில் சொன்னேன். ‘தெர்வே’ என்றால் எங்கள் பாஷையில் சுகம், நோய் நொடியில்லாத நல்ல சுகம். வழியில் ஒருவரைக் கண்டாலும் அதையேதான் சொல்வோம். கடிதத்தை முடிக்கும்போது அதையே கொஞ்சம் நீட்டி, உங்களுக்குச் சுகம் சொல்லி முடிக்கிறேன் என்ற அர்த்தத்தில் எழுதுவோம். என் தங்கைக்கும் அப்படித்தான் எழுதுவேன், வரி கட்டும் கந்தோருக்கும் அப்படித்தான் எழுதுவேன். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. நகரத்தில் பஸ் ஓட்டுகிறேன். அடுத்த வருடம் இளைப்பாறுகிறேன். உங்கள் படத்தை என் கணவர் மிகவும் ரசித்தார். அந்த மோட்டார் சைக்கிள் எந்த வகை என்று கேட்கச் சொன்னார்.

கடைசி வரியை மொழிபெயர்க்காமல் விட்டிருக்கலாம். வாய் முந்திக்கொண்டது. வீட்டுக்குள்ளே, சீலைக்குப் பின்னால், அதே சிரிப்பு கேட்டது. ஐம்பத்தெட்டு என்றதும் என் மனதில் ஏதோ ஒன்று பொத்தென்று விழுந்தது. அந்தச் சிரிப்புக்குப் பிறகு அதைப் பொறுக்கி எடுக்க நான் திரும்பிப் போகவில்லை.

“பொம்புள பஸ் ஓட்டுறாவா?” என்றார் தபால்காரர்.

“சுகம்,” என்றார் மாமனார், அந்தச் சொல்லை நாக்கில் வைத்துப் பார்ப்பதுபோல். “நல்ல சொல்லுத்தான். ஆனா ஒரு சாட்சிதான் வந்திரிக்கி.”

ஒன்பதாம் நாள் அதே முற்றத்துக்கு அயர்லாந்துச் சாட்சி வந்தது. உறையே கனத்தது. ஐந்து தாள், இரண்டு பக்கமும், எறும்பு எழுத்து. முதல் தாளில் மழை. அன்றைக்கு மட்டும் மழையைக் கத்தரித்தேன்.

அயர்லாந்து ஆசிரியர் பின்லாந்துப் பாஷை அறியாதவர். பஸ்ஸில் பட்டணத்துக்குப் போய், பெரிய நூலகத்தில் அகராதி பார்த்து எழுதியிருந்தார். சொல்லின் பொருள் சுகம்தான், அதிலிருந்து வந்த வணக்கம்தான் என்பதை முதல் வரியிலேயே உறுதிப்படுத்தியிருந்தார். நான் அதைச் சொன்னதும் தபால்காரர் மூச்சு விட்டார். மாமனார் கையைக் காட்டினார். மிச்சத்தையும் வாசிக்க வேண்டுமாம். சாட்சியைப் பாதியில் எழுப்பி அனுப்பும் வழக்கம் அவரிடம் இல்லை.

மிச்சம் பூர்வீகம். பின்லாந்துக்காரர் இந்தச் சொல்லை முன்னொரு காலம் அயல் பாஷைக்காரரிடம் வாங்கியிருக்கலாம் என்றும், அதன் அடியில் கிடப்பது மரத்தைக் குறித்த மிகப் பழைய சொல் என்றும் அறிந்தவர்கள் சிலர் கருதுகிறார்கள். மரம்போல் உறுதியாக நிற்பவன் சுகமாக இருப்பவன். வேறு சிலர் இதை ஒத்துக்கொள்வதில்லை. அதையும் அவர் மறைக்கவில்லை.

“ஒத்துக்கொள்ளாத ஆக்கள் எங்கயும் இரிப்பாங்க,” என்றார் மாமனார். முப்பது வருடம் தண்ணீர் பிரித்தவர். பிறகு, தான் உட்கார்ந்திருந்த நிலையை ஒருமுறை குனிந்து பார்த்தார். “மரம் எண்டா எனக்கு வெளங்கும். சூறாவளியில இந்த வளவுல தென்ன எல்லாம் உழுந்திச்சி. இது மட்டும் நிண்டிச்சி. புறகு நாமதான் வெட்டினம்.”

அடுத்த தாளில் அயர்லாந்து. எங்கள் பாஷையிலும் அதே மரத்திலிருந்து முளைத்த ஒரு சொல் உண்டு என்று எழுதி, அதை ஆங்கில எழுத்திலேயே எழுத்துக்கூட்டிக் காட்டியிருந்தார். அதன் முதல் நான்கு எழுத்தையும் பார்த்தபோது எனக்குத் திக்கென்றது. ஆங்கிலத்தில் அது ‘டியர்’. தபால்காரர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல வேளை, அதை ‘ஜரவ்’ என்று உச்சரிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். பொருள்: நிச்சயம், மெய். சாட்சி சொல்வதற்கு அவர்கள் பாவிக்கும் சொல்லே அதிலிருந்துதான் வந்ததாம். மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் தொழிலை அயர்லாந்திலும் செய்கிறார்கள் என்பதில் அவருக்கு ஒரு திருப்தி.

கடைசித் தாளில், வேறு யாரும் தேவையில்லை என்று விட்டிருக்கக்கூடிய ஒரு தகவலைப் போட்டிருந்தார். அங்கே துறவிகளையும் சகோதரன், சகோதரி என்றே கூப்பிடுவார்களாம். அதனால் கூடப் பிறந்தவளைப் பிரித்துச் சொல்ல, இந்த ‘மெய்’ என்ற சொல்லைச் சகோதரிக்கு முன்னால் சேர்த்தார்கள். மெய்ச் சகோதரி. நாளடைவில் இரண்டும் தேய்ந்து ஒட்டி, இன்றைக்கு அவர்கள் பாஷையில் சகோதரிக்கு இருக்கும் சாதாரணச் சொல்லுக்குள்ளேயே அந்த மரம் கிடக்கிறது.

நான் வாசித்து முடித்தேன். மாமனார் உட்கார்ந்திருந்த நிலையை ஒருமுறை தட்டினார்.

“அப்ப மொற சரியாத்தான் வந்திரிக்கி,” என்றார்.

“என்ன மொற மாமா?”

“சகோதரி எண்டுதானே அந்த மனுஷனும் சொல்லுறாரு. ஐம்பத்தெட்டு வயசு. ஒங்களுக்கு ராத்தா. இனி எழுதக்குள்ள அப்படியே போட்டு எழுதுங்க.”

அயர்லாந்துக்காரர் சொன்னது அதுவல்ல என்று எனக்குத் தெரியும். பின்லாந்துச் சொல் வேறு, அயர்லாந்துச் சொல் வேறு. இரண்டுக்கும் பூட்டன் ஒருவராக இருக்கலாம் என்பது மட்டும்தான் செய்தி. பிறகு எத்தனையோ அகராதிகளில் தேடிப் பார்த்திருக்கிறேன். அந்த மழைக்கார ஆசிரியர் சொன்னதில் பெரிதாகப் பிழை இல்லை. மாமனார் எடுத்துக்கொண்டதில்தான் பிழை. அன்றைக்கு அதைத் திருத்தவில்லை. என்னிடம் அவ்வளவு நேர்மை இருந்ததில்லை. “ஓம் மாமா,” என்றேன். முதிரை நிலையின் மறு முனையில் உட்கார்ந்துவிட்டேன். மாமனாரோடு சமமாக உட்காரக் கூடாது என்பதே மறந்துபோய்விட்டது. அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

உள்ளே பார்த்து, “தேத்தண்ணி கொண்டு வாங்க,” என்றார். பிறகு தபால்காரரிடம், “போற வழியில மேசன்ர வீட்ட சொல்லிட்டுப் போங்க. நாளைக்கி நில வெக்கணும்,” என்றார். தபால்காரர் தேத்தண்ணிக்குக்கூட நிற்கவில்லை. அவ்வளவு நல்ல செய்தியை உறையில்லாமல் கொண்டுபோகும் சந்தர்ப்பம் அவருக்கு அடிக்கடி வாய்ப்பதில்லை.

மறுநாள் ஆட்டை இறக்கிவிட்டு நிலை வைத்தார்கள். பிஸ்மில்லாஹ் சொல்லி மாமனார் ஒரு பக்கம் பிடித்தார், என்னை மறுபக்கம் பிடிக்கச் சொன்னார். முதிரையின் பாரம் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நிக்காஹ் முடிந்த பிறகு பின்லாந்துக்கு எழுதினேன். மாமனாருக்குக் கொடுத்த வாக்குப்படி கையொப்பத்துக்கு மேலே ‘உங்கள் தம்பி’ என்று ஆங்கிலத்தில் போட்டேன். மோட்டார் சைக்கிள் இரவல் என்பதையும் ஒப்புக்கொண்டேன். அதை எழுதும்வரை மனைவி பக்கத்தை விட்டு நகரவில்லை. அந்த ராத்தாவுக்கு என்ன வயது என்று வைத்திருந்தேன் என்று ஒரு தடவை கேட்டாள். முப்பது என்றேன். சிரித்தாள். இப்போது இடையில் சீலை இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, வாசலில் சைக்கிள் மணி கேட்டது. நிலையில் தோளைச் சாய்த்துக்கொண்டு தபால்காரர் நின்றார். கையில் போஸ்ட் காட். பனி இல்லை, ஏரியும் படகும். விலாசம் இந்த வீட்டுக்கே போட்டிருந்தது.

நான் கையை நீட்டினேன். அவர் இன்னும் வாசித்து முடிக்கவில்லை.

“ராத்தா சுகம் சொல்லியிரிக்கிறா, சேர்,” என்றார்.